கூடுவாய் ஒழுகினால் யார் செலவு?

காரைக்குடியில் வாடகைக்கு வீடு தேடினால் தரகர் கேட்கிற முதல் கேள்வி, "பழைய வீட்டுல இருந்துக்குவீங்களா?" என்பதுதான். இருந்துக்குவோம் என்றால் வாடகை மளமளவென்று இறங்கும். கழனிவாசல் பக்கம் புதிதாகக் கட்டிய மாடிப் போர்ஷன்களில் எனக்குக் காட்டியதெல்லாம் பத்தாயிரத்துக்கு மேல். செக்காலைப் பக்கம் ஒரு செட்டியார் வீட்டின் இரண்டாம் கட்டில், அதாவது பின்னால் இருக்கும் இரண்டாவது முற்றப் பகுதியில், இரண்டு அறை, ஒரு அடுப்படி, பின்னால் கிணற்றடி, 5,500 ரூபாய். நான், அம்மா, பையன் மூன்று பேருக்கும் அது தாராளம். தேக்குத் தூணும் ஆத்தங்குடிக் கல்லும் இனாம்.

இந்த வீடுகளைப் படத்தில் பார்த்தவர்கள் அரண்மனை என்கிறார்கள். ஐப்பசியில் வந்து ஒரு வாரம் தங்கிப் பார்த்துவிட்டுச் சொல்லட்டும்.

வளவு என்கிற உள்முற்றத்தைச் சுற்றி நாலு பக்கமும் ஓட்டுச் சரிவு. இரண்டு சரிவுகள் சேர்கிற உள்மூலைக்குக் கூடுவாய் என்று பெயர். கூரையில் விழுகிற தண்ணீரில் பெரும்பகுதி அந்த மூலைக்குத்தான் வந்து சேரும். அதனால் ஓட்டுக்கு அடியில் அங்கே ஒரு தகரம் போட்டிருப்பார்கள். தகரம் துருப்பிடித்து ஓட்டை விழுந்துவிட்டால் மேலே ஓடு எவ்வளவு நன்றாக இருந்தும் பிரயோசனம் இல்லை. எங்கள் மூலையில் நடந்தது அதுதான். நேராகச் சொட்டினால்கூட ஒரு வாளி வைத்துவிடலாம். இது ஓட்டைத் தாங்கும் கைமரத்தோடு வழிந்து சுவருக்குள் இறங்கியது. சுவர் பழைய சுண்ணாம்புப் பூச்சு. முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த, இன்னும் கண்ணாடி மாதிரி பளபளக்கிற பூச்சு. நடுவில் யாரோ ஒரு புண்ணியவான் உடைந்த இடத்தில் சிமெண்டைப் பூசி, மேலே பெயிண்டும் அடித்திருக்கிறார். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கினாலும் வெளியே விட்டுவிடும், சிமெண்ட் அதை விடாது. ஈரம் உள்ளேயே தங்கி, பெயிண்ட் கொப்பளித்து, தட்டினால் மணலாகக் கொட்டும். கட்டிலை அந்தச் சுவரை விட்டு நகர்த்திப் போட்டோம்.

அது வரைக்கும் நானும் "பழைய வீடுன்னா அப்படித்தான்" என்று சொல்லிக்கொண்டு இருக்கிற ஆள்தான். கார்த்திகையில் ஒரு ராத்திரி பையன் சுவரில் கை வைத்துவிட்டு வெடுக்கென்று இழுத்துக்கொண்டான். "அம்மா, சுவர் கடிக்குது" என்றான். அந்தச் சுவரில்தான் சுவிட்ச் போர்டு. மரக்கட்டை மேல் ஒயர் ஓடும் பழைய கட்டை வயரிங், உருண்டைக் கறுப்பு சுவிட்சுகள். காலையில் வந்த எலக்ட்ரீசியன் சுவரில் டெஸ்டரை வைத்தார், விளக்கு எரிந்தது. ஒயரில் இல்லை, சுவரில். "எர்த்தே இல்லக்கா. மொத்தமா மாத்தணும்" என்று சொல்லிவிட்டு அந்த அறைக்கு மட்டும் ஃபியூஸைப் பிடுங்கிக் கையில் கொடுத்தார்.

வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அண்ணனிடம் சொன்னேன். மழைக்கு முன்பே கூடுவாயைப் பற்றியும் அவரிடம்தான் சொல்லியிருந்தேன். அவர் நல்ல மனிதர், எதற்கும் இல்லை என்று சொல்லமாட்டார். "ஆச்சிகிட்ட சொல்றேம்மா" என்பார். ஆச்சி என்றால் எங்கள் வீட்டுக்காரம்மா. சொன்னாரா, சொல்லவில்லையா என்பது முருகனுக்குத்தான் வெளிச்சம்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எனக்கு வேலை கோர்ட்டுப் பக்கம் ஒரு டி.டி.பி. சென்டரில். வாடகை ஒப்பந்தம், மனு, பிரமாணப் பத்திரம் எல்லாம் அடித்துக் கொடுப்பேன். "மராமத்துச் செலவு யாவும் வாடகைதாரரைச் சேர்ந்தது" என்ற வரி, கடையில் இருக்கும் பழைய மாதிரிப் படிவத்திலேயே இருக்கிறது. வீட்டுக்காரரும் கேட்கமாட்டார், குடிவருபவரும் படிக்கமாட்டார், அது பாட்டுக்குப் பத்திரத்தில் ஏறிக்கொள்ளும். என் ஒப்பந்தத்தை நானே அடித்ததால் அந்த வரியைத் தூக்கிவிட்டு, "பழுதுபார்ப்பு சட்டத்தின் இரண்டாம் அட்டவணைப்படி" என்று போட்டிருந்தேன். ஆச்சி சென்னையிலிருந்து வந்தபோது கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். இரண்டாம் அட்டவணை என்றால் என்ன என்று அவரும் கேட்கவில்லை, நானும் விளக்கவில்லை.

சரி, அந்த அட்டவணைக்கு வருவோம். தமிழ்நாட்டில் 1960ஆம் ஆண்டின் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போய், வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் இருவரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்தும் 2017ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 15ஆம் பிரிவு பழுதுபார்ப்பைப் பற்றியது. யார் எதைச் செய்ய வேண்டும் என்பது இரண்டாம் அட்டவணையில் வரும். கட்டடத்தின் அமைப்பு சார்ந்த பழுது (குடியிருப்பவர் தானே உடைத்ததைத் தவிர), வெள்ளையடிப்பு, கதவு ஜன்னலுக்கு பெயிண்ட், தேவைப்படும்போது குழாய் மாற்றுவது, உள்ளேயும் வெளியேயும் மின் வயரிங், இவ்வளவும் வீட்டுக்காரர் பொறுப்பு. டேப், வாஷர், சாக்கடை அடைப்பு, கழிப்பறை, வாஷ்பேசின் பழுது, சுவிட்ச், பிளக் பாயிண்ட், பூட்டு, தாழ்ப்பாள், ஜன்னல் கண்ணாடி, கொசு வலை போன்றவை குடியிருப்பவர் பொறுப்பு. இரண்டு பட்டியலையும் சேர்த்துப் படித்தால் நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் அந்தப் பிரிவிலேயே, ஒப்பந்தத்தில் ஒத்துக்கொண்டபடி என்பதற்கும் இடம் வைத்திருக்கிறார்கள். அதனால்தான் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடும் அந்த மராமத்து வரி பின்னால் வந்து காலைச் சுற்றுகிறது. அட்வான்ஸ் எவ்வளவு என்று பார்க்கிற நேரத்தில் பாதியை இந்த வரிக்குக் கொடுங்கள்.

வீட்டுக்காரர் செய்ய வேண்டியதைச் செய்ய மறுத்தால் குடியிருப்பவர் செய்துகொண்டு வாடகையில் கழிக்கலாம். ஆனால் ஒரு மாதத்தில் வாடகையில் பாதிக்கு மேல் கழிக்கக் கூடாது. குடியிருக்கவே லாயக்கில்லை என்ற நிலையில், எழுத்தில் கேட்டும் அவர் செய்யவில்லை என்றால், 15 நாள் எழுத்து மூலம் அறிவிப்புக் கொடுத்துவிட்டுக் காலி செய்ய உரிமை உண்டு. காலி செய்வதற்கு எழுத்தில் கேட்டிருக்க வேண்டும், கழிப்பதற்கும் எழுத்தில் கேட்டிருப்பதுதான் பாதுகாப்பு. அண்ணனிடம் வாசலில் நின்று சொன்னதையெல்லாம் நாளைக்கு நிரூபிக்க முடியாது.

யாருக்கு எழுதுவது என்று யோசித்தபோதுதான் செட்டிநாட்டுச் சிக்கல் புரிந்தது. இந்த வீடு ஒருவர் வீடு கிடையாது. கட்டியவரின் பிள்ளைகள், அவர்கள் பிள்ளைகள் என்று பங்காளிகள் பெருகி, இப்போது புள்ளி, அதாவது குடும்பம், என்ற கணக்கில்தான் சொல்கிறார்கள். ஒரு புள்ளி சென்னையில், ஒன்று கோயம்புத்தூரில், இரண்டு மலேசியாவில். எங்கள் போர்ஷன் ஆச்சியின் பங்கு. ஆனால் கூரை எல்லோருக்கும் பொது. மறுபடியும் சட்டத்தைப் புரட்டினேன். வாடகையை வாங்குபவர், வாங்க உரிமை உள்ளவர் எவரோ அவரையே வீட்டு உரிமையாளராகச் சட்டம் எடுத்துக்கொள்கிறது. மாதாமாதம் ஐந்தாம் தேதி என் பணம் ஆச்சியின் கணக்குக்குத்தான் போகிறது. அவர்கள் வீட்டுப் பாகப்பிரிவினை எனக்கு எதற்கு? ஆச்சிக்கே எழுதினேன்.

கடிதம் ஒரு பக்கம்தான். கோபம் ஒன்றையும் காட்டவில்லை. என்ன பழுது, எப்போதிலிருந்து, வீட்டைப் பார்த்துக்கொள்பவரிடம் எப்போது சொன்னேன், எலக்ட்ரீசியன் என்ன சொன்னார், எந்தத் தேதிக்குள் செய்து தர வேண்டும், இல்லையென்றால் 15ஆம் பிரிவுப்படி நானே செய்து கழித்துக்கொள்வேன், தேவைப்பட்டால் தேவகோட்டையில் வாடகை அதிகாரியிடம் மனுக் கொடுப்பேன். கூடவே சுவர், கூடுவாய், போர்டு மூன்றுக்கும் படம். விரைவுத் தபாலில் அனுப்பி ரசீதை பீரோவில் வைத்தேன், அதே கடிதத்தை வாட்ஸ்அப்பிலும் போட்டுவிட்டேன். காரைக்குடி என்னதான் மாநகராட்சி ஆகிவிட்டாலும் கோட்டம் தேவகோட்டைதான். வாடகை அதிகாரியாகத் துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத ஒருவரைத்தான் போட வேண்டும் என்பது சட்டம்.

தபால் போய்ச் சேர்ந்த அன்றே போன் வந்தது.

"ஏத்தா, ஒரு போன் போட்டுச் சொல்லியிருந்தாச் செஞ்சு தந்துருக்க மாட்டேனா? சட்டமெல்லாம் எழுதியிருக்கியே!"

"போன் போட்டேன் ஆச்சி. ரெண்டு தடவையும் பேரன்தான் எடுத்தான்."

"அந்தப் பய ஒண்ணும் சொல்லல."

கொஞ்ச நேரம் பேரனைத் திட்டினார். அப்புறம் உண்மையான கவலை வெளியே வந்தது. வயரிங் என் பங்கு, அதைச் செய்கிறேன். ஓடு பொது. நான் ஒருத்தி கையிலிருந்து போட்டால் மற்ற புள்ளிகள் யாரும் திருப்பித் தரமாட்டார்கள். போன தடவை முகப்புக்கு ஓடு மேய்ந்ததற்கே இன்னும் கணக்குத் தீரவில்லை. இதைச் சொல்லும்போது அவர் குரலில் இருந்த சலிப்பு நிஜம். இந்த வீடுகளை வைத்துப் பராமரிப்பது சுலபமில்லை என்பது எனக்கும் தெரியும். ஓடு மேயத் தெரிந்த கொத்தனாரைத் தேடிப்பிடிப்பதே பெரும்பாடு. ஆனால் அந்தச் சலிப்புக்கு என் பையன் ஷாக் அடித்துக்கொள்ள முடியாது, இல்லையா? அதை அப்படியே சொன்னேன். "சரித்தா, நீயே ஆளை வெச்சுப் பண்ணிக்கோ, வாடகையில கழிச்சுக்கோ" என்றார்.

போனை வைத்த கையோடு வாட்ஸ்அப்பில், "ஆச்சி, நீங்கள் இப்போது சொன்னபடி வயரிங் வேலையை நான் செய்து, பில்லை அனுப்பி, வாடகையில் கழித்துக்கொள்கிறேன்" என்று போட்டேன். கட்டைவிரல் ஒன்று வந்தது. அது போதும்.

எலக்ட்ரீசியனிடம் முதலிலேயே பில்லை இரண்டாகப் போடச் சொல்லிவிட்டேன். ஒயர், பைப், எர்த் குழி, கூலி எல்லாம் சேர்த்து 11,400 ரூபாய், அது ஆச்சி கணக்கு. சுவிட்சும் பிளக் பாயிண்ட்டும் 1,150, அது அட்டவணைப்படி என் தலையில். 5,500 வாடகையில் பாதி 2,750. நாலு மாதத்தில் 11,000, அடுத்த மாதம் மீதி 400. ஆச்சியே முழு வாடகையிலும் கழித்துக்கொள்ளச் சொல்லியிருப்பார், ஆனாலும் நான் பாதியைத் தாண்டவில்லை. ஒவ்வொரு மாதமும் பணம் அனுப்பும்போது "வாடகை 5,500, வயரிங் கழிவு 2,750" என்று குறிப்பில் எழுதினேன். நாளைக்கு ஏதாவது தகராறு என்றால் வாடகை பாக்கி என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. வாடகை பாக்கி என்பது காலி செய்யச் சொல்வதற்குச் சட்டத்தில் உள்ள காரணங்களில் ஒன்று. அதனால்தான், கோபத்தில் வாடகையை மொத்தமாக நிறுத்திவிடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும். நியாயம் அவர்கள் பக்கம் இருந்தும், தானே போய்த் தலையைக் கொடுக்கிறார்கள்.

கூடுவாய் கதை வேறு. அதைச் சட்டமோ என் கடிதமோ சரிசெய்தது என்று சொன்னால் பொய். தை மாதம் அந்த வீட்டில் படைப்பு. முன்னோருக்குப் படைக்க எல்லாப் புள்ளிகளும் வந்தார்கள், மலேசியாக்காரர்கள் உட்பட. ஆச்சி தன் கொழுந்தனாரை இரண்டாம் கட்டுக்கு அழைத்துவந்து, மணல் கொட்டும் சுவரையும் கைமரத்தில் வழிந்த கறையையும் காட்டினார். நான் எழுதிய கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "வாடகைக்காரப் பொண்ணு கோர்ட்டுக்குப் போறேங்குது" என்று நான் எழுதாததையும் சேர்த்துச் சொன்னார். எனக்குச் சிரிப்பாக வந்தது. பங்காளிகளிடம் வசூல் பண்ண ஆச்சிக்கு என் கடிதம் நன்றாகவே பயன்பட்டது. அங்கேயே தொகை பிரித்தார்கள். இடித்த வீடு ஒன்றிலிருந்து பழைய ஓடு வாங்கி, கூடுவாய்க்குப் புதுத் தகரம் போட்டு, எங்கள் பக்கச் சரிவை மட்டும் மேய்ந்து தந்தார்கள். எதிர்ச்சரிவு இன்னும் அப்படியே இருக்கிறது. சுவருக்குப் பழையபடி சுண்ணாம்பா, மறுபடியும் சிமெண்டா என்று பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது.

கடையில் இதைப் பற்றிப் பேசினால் எல்லோரும் கேட்கிற ஒரு கேள்வி: "ரொம்பப் பேசினா வீட்டையே இடிச்சுடுவாங்களே?" இந்த ஊரில் அது வெறும் பயம் இல்லை. முனீஸ்வரன் கோயில் தெருவில் போய்ப் பாருங்கள், பிரித்த வீடுகளின் கதவு, தூண், நிலை, பெட்டி எல்லாம் விலைக்கு நிற்கும். தேக்குக்கு இருக்கிற மதிப்பு குடியிருப்பவருக்கு இல்லை. இடிப்பதற்கோ, காலி செய்தால்தான் முடியும் என்கிற பெரிய பழுதுவேலைக்கோ வீட்டுக்காரர் வீட்டைத் திரும்பக் கேட்கலாம். அதற்குச் சட்டத்தில் இடம் உண்டு. ஆனால் வாடகை நீதிமன்றத்தில் மனுப் போட்டு உத்தரவு வாங்க வேண்டும். பாத்திரத்தைத் தூக்கி வெளியே வைப்பதும், மோட்டாரை நிறுத்துவதும், கரண்டைப் பிடுங்குவதும் செல்லாது. தண்ணீர், மின்சாரம், மாடிப்படி விளக்கு, கழிவுநீர் வசதி இவற்றை நிறுத்தினால் வாடகை அதிகாரியிடம் போகலாம், அவர் உடனே இடைக்கால உத்தரவு போட முடியும். அதேபோல, சாவி கையில் இருக்கிறது என்பதற்காக யாரும் நினைத்த நேரத்தில் நம் அறைக்குள் நுழைய முடியாது, 24 மணி நேரம் முன்னால் தெரிவிக்க வேண்டும். எங்கள் வளவைப் படம் பிடிக்க வருகிறவர்கள், துணி காய்கிற இரண்டாம் கட்டு வரைக்கும் எட்டிப் பார்த்துவிட்டு "சோ பியூட்டிஃபுல்" என்பார்கள். இந்த விதியைச் சொல்லித்தான் அண்ணனை நிறுத்தினேன்.

இதெல்லாம் பொருந்தாத ஒரு கூட்டம் இங்கே உண்டு, ஒத்திக்கு இருப்பவர்கள். இரண்டு லட்சம், மூன்று லட்சம் மொத்தமாகக் கொடுத்துவிட்டு வாடகை இல்லாமல் இருப்பார்கள். அவர்களுக்குக் கழிக்க வாடகையே கிடையாது. பத்திரத்தில் ஒத்தி, போக்கியம் என்று எழுதியிருந்தால் அது அடமானத்தின் ஒரு வகை, கணக்கே வேறு. 100 ரூபாயோ அதற்கு மேலோ உள்ள அடமானம் என்றால் சார்பதிவாளரிடம் பதிவு செய்திருக்க வேண்டும். வெறும் முத்திரைத்தாளில் எழுதி இரண்டு சாட்சி கையெழுத்தோடு விட்டவர்கள்தான் எங்கள் கடைக்கு அதிகம் வருகிறார்கள். வீடு ஒழுகுகிறது என்று வருவார்கள், பேசிப் பார்த்தால் கொடுத்த பணமே எப்படித் திரும்பும் என்பதுதான் பெரிய கேள்வியாக இருக்கும். அவர்களை நான் நேரே வக்கீலிடம் அனுப்பிவிடுவேன்.

மூன்றாம் கட்டில் ஒரு தம்பி தனியாக இருக்கிறான், மெஸ்ஸில் வேலை. அவன் போர்ஷன் வேறொரு புள்ளிக்குப் பாத்தியம். அவனுக்கு ஒப்பந்தமும் இல்லை, ரசீதும் இல்லை, மாதம் பிறந்தால் அண்ணன் கையில் பணம். அவன் பக்கத்துச் சரிவுதான் இன்னும் மேயாமல் கிடக்கிறது. "அக்கா, எனக்கும் ஒரு கடிதம் அடிச்சுக் குடுங்க" என்றான். கடிதத்துக்கு முன்னால் நீ வாடகைக்கு இருக்கிறாய் என்பதற்கே உன்னிடம் ஒரு துண்டுச் சீட்டு இல்லையே என்றேன். இந்த மாதத்திலிருந்து பணத்தை ஜிபேயில் அனுப்பு, குறிப்பில் மாதத்தைப் போட்டு "வாடகை" என்று எழுது. ஒப்பந்தத்தை எழுத்தில் கேள். சட்டப்படி எழுத்தில்தான் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவும் செய்ய வேண்டும், அதற்கு இணையதளமே வைத்திருக்கிறார்கள். வீட்டுக்காரர் சேர்ந்து வராவிட்டால் உன் பக்கத் தகவலை நீ தனியாகவும் கொடுக்கலாம். ஐப்பசிக்கு இன்னும் நாள் இருக்கிறது, அதற்குள் இதை முடி என்றேன்.

போன வாரம் ஜிபேயில் அனுப்பிவிட்டான். அண்ணன் என்னிடம் வந்து, "ஏம்மா, அந்தப் பயலுக்கும் நீதான் சொல்லிக் குடுத்தியா?" என்று கேட்டார். ஆமாண்ணே என்றேன்.